நாற்பத்து மூன்று டிகிரி

பூனையை மல்லாக்கப் படுக்க வைத்து முன்கால் இரண்டையும் ஒரு கையில் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இன்னொரு கை தாடைக்குக் கீழே. இறுக்கக் கூடாது, விட்டுவிடவும் கூடாது. மயக்க ஊசி போட்ட பிறகும் சிலது பாதிக் கண் திறந்தபடி கிடக்கும். அப்போது பிடித்திருக்கிறவனின் கை நடுங்கினால் அதற்குத் தெரிந்துவிடும். என் கை பட்டால் எதுவும் அடங்கிவிடும் என்று டாக்டரம்மா மெர்வத் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். கெய்ரோவை ஒட்டிய கீஸாவில் இருக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் விலங்குக் கொட்டிலில் எனக்குப் பதினெட்டு வருடம். கூண்டு கழுவுவேன், தீனி வைப்பேன், செத்ததை அள்ளுவேன். பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிடித்துக்கொள்வேன்.

அந்தப் பூனையின் பெயர் லௌஸா. வயிற்றில் காம்புக்குப் பக்கத்தில் பெரிய ஆலிவ் காய் அளவுக்குக் கட்டி. பணக்காரர்கள் இருக்கும் ஸமாலிக் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் அதைக் கூடையில் வைத்து, அழுதுகொண்டே கொண்டுவந்தாள். வயிற்று முடியை நான்தான் மழித்தேன். டாக்டரம்மா ஒரு சின்னக் குப்பியிலிருந்து மருந்தை ஊசியில் இழுத்தார். செம்பருத்தியில் போடும் கர்க்கடே பானத்தின் சிவப்பு நிறம் அதற்கு. தங்கம் என்றார்கள். கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தங்கத்தைப் பொடியாக்கினால் மஞ்சள் நிறம் போய்ச் சிவந்துவிடுமாம். அதைக் கட்டிக்குள்ளேயே ஏற்றினார். மறுநாள் எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். பேனா போல ஒரு கருவியைக் கட்டிக்கு நேராகப் பிடித்தார். வெளிச்சம் என்று பேர், ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் இல்லை. எனக்குத் தெரிந்தது பக்கத்துத் திரையில் ஏறிய எண் மட்டும்தான். முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று.

"போதும், அங்கேயே நிக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

வெளிச்சம் பட்டதும் தங்கம் மட்டும் சூடாகும், அந்தச் சூட்டில் கட்டி வெந்துபோகும், பக்கத்துச் சதைக்கு ஒன்றும் ஆகாது. அவர் மாணவர்களுக்குச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம்.

என்னோடு கூண்டு கழுவுகிறவன் பர்ஸூம். அவன் வெளியே நின்று புகைத்துக்கொண்டிருந்தான். "என் பொண்டாட்டி கழுத்துல இல்லாத தங்கம் ஒரு பூனை வயித்துல இருக்கு. இன்னொரு தடவை படைக்கறதா இருந்தா என்னைப் பூனையாப் படைன்னு ஆண்டவர்கிட்ட கேக்கப் போறேன்" என்றான்.

"உன்னை எலியாத்தான் படைப்பார். நாங்க அதுக்கும் ஊசி போடுவோம்" என்றேன்.

மூன்று வாரத்தில் ஆலிவ் சுருங்கிக் கடலையாகி, பிறகு தோலோடு தோலாகத் தடமாகிப் போனது.

இம்பாபாவில் எங்கள் வீட்டுக்குப் போனதும் நடந்ததையெல்லாம் அவாத்திஃபிடம் சொன்னேன். அவள் என் மனைவி. ஒரே மகள் நாதியாவைக் கட்டிக்கொடுத்து அஸ்வானுக்கு அனுப்பிய பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வேலையிலிருந்து நான் கொண்டுவரும் பேச்சுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. முலூகியாக் கீரையை நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எவ்வளவு சூடு வெப்பாங்க, அபூ நாதியா?" நாதியாவின் அப்பா என்றுதான் என்னைக் கூப்பிடுவாள்.

"நாப்பத்து மூணு."

"அவ்வளவுதானா? ஆகஸ்ட் மாசத்துல நம்ம மொட்டைமாடி அதை விட ஜாஸ்தி காயுமே. புறாக் கூண்டுத் தகரத்துல ரொட்டியே சுடலாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். நாதியாவின் அம்மா சிரித்தால் தோளெல்லாம் குலுங்கும்.

அந்தச் சமயத்தில் அவளுக்கும் கட்டி இருந்திருக்கிறது. நோன்பு தொடங்குவதற்கு முன்னாலேயே கையில் தட்டுப்பட்டதாம். நோன்பு முடியட்டும் என்று விட்டாள். நோன்புப் பெருநாளுக்கு மகள் வந்தாள், அவள் ஊருக்குப் போகட்டும் என்று விட்டாள். பிறகு ஒருநாள் தொழுதுவிட்டு எழுந்தவள் என் கையைப் பிடித்து இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உன் கைக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. என்னன்னு பாரு."

பார்த்தேன். எத்தனையோ நாயிலும் பூனையிலும் தொட்டுப் பார்த்த அதே கடினம். நகராத கடினம்.

ஆஸ்பத்திரியில் ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று அவள் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தபோது மருத்துவர் என்னை மட்டும் வெளியே அழைத்தார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. நோயாளியின் முகத்துக்கு நேரே அந்தப் பேரை யாரும் சொல்வதில்லை. கெட்ட நோய் என்பார்கள், அதையும் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். மருத்துவர் சின்ன வயதுக்காரர். நடைக்கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, என் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மார்பு முழுசையும் எடுத்துடணும் ஹாஜி. மூணு வாரத்துக்குள்ள. இப்போ எடுத்தா நல்ல வாய்ப்பு இருக்கு. தேதி போட்டுத் தர்றேன். தள்ளிப் போடாதீங்க."

நான் ஹஜ்ஜுக்குப் போனவன் இல்லை. நரைத்த தலைக்கு மரியாதையாக அப்படிக் கூப்பிட்டார்.

அவளுடைய அண்ணன் ஃபத்ஹிக்குப் போன் செய்தேன். அவன் அழுதான். அழுது முடித்துவிட்டு என்னிடம் சத்தியம் வாங்கினான். "பேரைச் சொல்லிடாத மச்சான். எங்க சின்ன அத்தைகிட்ட சொன்னாங்க, ஒரே வாரத்துல சுருண்டு போயிட்டா. நோய் கொல்லல, பேருதான் கொன்னுச்சு. குர்ஆன் மேல கை வெச்சுச் சொல்லு, சொல்ல மாட்டேன்னு." சத்தியம் செய்தேன்.

அவளிடம் போய், "சும்மா கட்டிதான். எடுத்துட்டா சரியாயிடும்" என்றேன்.

"எவ்வளவு எடுப்பாங்க?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். முப்பத்தொரு வருடமாகப் பார்க்கிற முகம். எவ்வளவு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்பது மட்டும் புரியவில்லை.

"சும்மா கட்டின்னு நீயே சொல்ற. அந்தப் பூனைக்கு இருந்ததும் கட்டிதானே? அதுக்குக் கத்தி வெச்சாங்களா? ஊசியும் வெளிச்சமும்தானே? பூனையோட மார்பை விட என் மார்பு கேவலமாப் போச்சா?"

"கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறை வாசலில் நின்றேன். உட்காரச் சொன்னார். பதினெட்டு வருடத்தில் அந்த நாற்காலியை எத்தனையோ முறை துடைத்திருக்கிறேன், உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஆஸ்பத்திரித் தாளை நீட்டினேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பெரியவரே, மனுஷங்களுக்குப் போட எங்களுக்கு அனுமதி இல்லை. அந்தத் தங்கம் ஈரல்ல, மண்ணீரல்ல எத்தனை வருஷம் தங்கும், தங்கினா என்ன செய்யும், இன்னும் பாத்துட்டிருக்கோம். அதுக்குத்தானே இத்தனை எலி, இத்தனை பூனை. இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்."

"லௌஸாவுக்குச் சரியாச்சே டாக்டரம்மா."

"லௌஸாவுக்குச் சரியாச்சு. அதுக்கு முன்னாடி சரியாகாததை நீங்கதானே பையில போட்டுக் கட்டினீங்க?"

ஆமாம், நான்தான் கட்டினேன். அதையெல்லாம் வீட்டில் சொன்னதில்லை.

"உங்க கூடப்பிறந்தவளா நினைச்சுக்குங்க என்னை. நாளைக்கே அழைச்சிட்டுப் போய் எடுத்துடுங்க. எங்க அம்மாவுக்கு வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

இல்லை என்று வீட்டில் சொல்லிவிடத்தான் போனேன். மைக்ரோபஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தபோது அவள் அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தலைத்துணி ஒன்றால் இடது பக்கத்தை இறுக்கித் தட்டையாகக் கட்டிக்கொண்டு, மேலே வீட்டு அங்கியைப் போட்டு, அது எப்படித் தொங்குகிறது என்று பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வெட்கத்தோடு துணியை இழுத்து அவிழ்த்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சதும் மனுஷங்களுக்கும் ஆரம்பிப்பாங்க போலிருக்கு" என்றேன்.

இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. அந்த ஓர் இரவு அவள் நன்றாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். காலையில் மாற்றிச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

காலையில் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு ஃபூல் மொச்சையைத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

அறுவைக்குக் குறித்த நாள் வந்தது. பையில் அவள் துணி, சீப்பு, சோப்பு எல்லாம் எடுத்து வைத்து வாசலில் நின்றேன். அவள் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பெருநாளுக்கு இன்னும் முப்பத்தாறு நாள்தான் இருக்கு. அதுக்குள்ள எதுக்கு வெட்டிக்கணும்?"

"அவாத்திஃப், எந்திரி."

"பெருநாள் கழிஞ்சதும்னு சொன்னது யாரு? நீயா, பக்கத்து வீட்டுக்காரனா?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"இப்போதான் தப்பாச் சொல்ற. கத்திக்காரங்க உன்னைப் பயமுறுத்தி வெச்சிருக்காங்க. கட்டி எங்கே ஓடிப் போகப் போகுது?"

ஒரே ஒரு சொல் போதும். அந்தப் பேரைச் சொன்னால் எழுந்து வந்துவிடுவாள். ஃபத்ஹிக்குக் கொடுத்த சத்தியம் ஒரு பக்கம். கேட்ட நொடியில் அவள் முகம் எப்படி ஆகும் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். ஐம்பது கிலோ நாயை அமுக்கிப் பிடித்திருக்கிறேன். அவளைக் கையைப் பிடித்து எழுப்ப எனக்குப் பலம் வரவில்லை. பையைக் கீழே வைத்தேன். அவள் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள், எனக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை கூடுதலாக.

நாள் தாண்டிவிட்டது தெரிந்ததும் டாக்டரம்மா சத்தம் போட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கூண்டிலிருந்த நாய்கள் குரைத்தன.

"நான் வர்றேன் உங்க வீட்டுக்கு. நானே சொல்றேன்."

"வேணாம் டாக்டரம்மா. சொன்னா அன்னைக்கே போயிடுவா."

"சொல்லலைன்னா?"

அவரே மெதுவாகச் சொன்னார், "அந்த வெளிச்சம் ஒரு விரல் ஆழத்துக்குத்தான் போகும் பெரியவரே. கட்டி இப்போ ஒரு இடத்துல உக்காந்திருக்கு. அது கிளம்பிப் போயிட்டா எந்தத் தங்கமும் அதைத் தேடிப் பிடிக்காது."

குளிர்பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கும். மறுநாள் மதியத் தொழுகைக்கு எல்லாரும் போன நேரத்தில் திறந்து ஒரு குப்பியை எடுத்தேன். உள்ளங்கையில் ஜில்லென்று இருந்தது. இவ்வளவு சின்னது. என் சட்டைப் பைக்குள் போட்டால் தெரியாது. பிறகு? ஊசி நான் போடுவேனா? வெளிச்சத்துக்கு எங்கே போவேன்? அந்தக் கருவி மேசையோடு மேசையாகப் பூட்டிக் கிடக்கிறது. எந்த எண்ணில் நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும், எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியாது.

பர்ஸூம் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அவன் கிறிஸ்தவன், தொழப் போகாதவன் என்பதை மறந்துவிட்டேன்.

"வெச்சிடு தலைவா" என்றான். "அவங்க கையில அது மருந்து. நம்ம கையில சாயத் தண்ணி."

வைத்தேன். கதவைப் பூட்டினேன். அவன் வழக்கமான கிண்டல் எதையும் சொல்லவில்லை. எனக்கு ஒரு சிகரெட் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு என் பங்குக் கூண்டுகளையும் அவனே கழுவினான்.

பெருநாள் வந்தது, போனது. "அனுமதி கொடுக்கிற கமிட்டி இன்னும் கூடலையாம்" என்றேன். வாரம் கழித்து, "பெரியவர் ஒருத்தர் வெளிநாடு போயிருக்காராம்" என்றேன். ஒரு பொய்யைத் தாங்க இன்னொன்று வேண்டியிருந்தது. அவள் ஒவ்வொன்றையும் நம்பினாள். நடுவில் எத்தனையோ முறை ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தேன். "நீயே பொறுன்னு சொல்லிட்டு நீயே அவசரப்படறியே" என்பாள்.

அந்த நாட்களில் லௌஸாவின் சொந்தக்கார அம்மாள் பூனையைக் காட்ட வந்தாள். வயிற்றில் முடி முளைத்துக் கொழுகொழுவென்று இருந்தது. கொட்டிலில் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு பெரிய தட்டு நிறைய பஸ்பூஸா என்ற ரவை இனிப்பு கொண்டுவந்திருந்தாள். இரண்டு துண்டைத் தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"யாருக்குக் கல்யாணம்?" என்றாள் அவாத்திஃப்.

"பூனைக்குக் குணமாயிடுச்சு."

விரலில் ஒட்டிய பாகை நக்கிக்கொண்டே சொன்னாள், "நம்ம முறை வரும்போது நான் பிஸ்தா போட்டுச் செய்றேன். பூனை வீட்டுக்காரங்க தேங்காயோட நிறுத்திட்டாங்க. உங்க டாக்டரம்மாவுக்குத் தனித் தட்டு. பர்ஸூமுக்கு அவங்க கிறிஸ்தவ நோன்பு இல்லாத நாளாப் பாத்துக் கொடுக்கணும், நோன்புல நெய் தொட மாட்டாங்க, அவங்களுக்குத்தான் வருஷம் முழுக்க நோன்பாச்சே."

ஆகஸ்டு பாதியில் வானொலியில் சொன்னார்கள், நாளை கெய்ரோவில் வெயில் நாற்பத்து மூன்றைத் தொடும், முதியவர்கள் வெளியே வர வேண்டாம் என்று. நான் காதில் வாங்கவில்லை. அவள் வாங்கியிருக்கிறாள்.

அன்று வெயில் தாங்காமல் இரண்டு நாய்கள் மயங்கி விழுந்ததால் கொட்டிலைச் சீக்கிரம் மூடினார்கள். நடுமதியத்தில் வீட்டுக்கு வந்தேன். அவளைக் காணவில்லை. மாடிப்படிக் கதவு திறந்து கிடந்தது. புறாக் கூண்டுக்குப் பக்கத்தில், நிழலே இல்லாத இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மறைப்புக்குச் சுற்றிலும் கொடியில் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தாள். அங்கியின் கழுத்தைத் தளர்த்தி, எங்கள் நிச்சயத்துக்கு நான் போட்ட முறுக்கு வளையல் இரண்டையும் இடது மார்பின் மேல் வைத்து உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். முகம் தக்காளியாகச் சிவந்து, உதடு வெடித்திருந்தது. கண்ணை மூடியிருந்தாள்.

"அவாத்திஃப்!"

"கத்தாத. அக்கம்பக்கம் கேக்கும்." கண்ணைத் திறக்கவில்லை. "உங்க கமிட்டி கூடறப்போ கூடட்டும். தங்கம் நம்மகிட்டயும் இருக்கு. வெளிச்சத்துக்கும் பஞ்சமில்ல. நாப்பத்து மூணு வந்திருக்குமா பாரு."

வளையலைத் தொட்டேன். சுட்டது. எடுத்தபோது தோலில் இரண்டு வளையமும் சிவப்பாகப் பதிந்திருந்தன, மழித்த பூனை வயிற்றில் நாங்கள் மையால் வரைவோமே, அதைப் போல. வட்டத்துக்கு நடுவே தோல் ஆரஞ்சுத் தோலாகச் சொரசொரத்து உள்ளே இழுத்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நாயில் பார்த்திருக்கிறேன்.

"இது வேற தங்கம்" என்றேன்.

"தங்கத்துல வேற தங்கம் ஏது? நீ போட்டதுதானே. போலியா?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்க நேரம் பிடித்தது.

அந்த இருமலும் முதுகுவலியும்தான் அவளைக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. கட்டிக்காக வரமாட்டேன் என்றவள் இருமலுக்காக வந்தாள். படம் எடுத்தார்கள். மறுபடி எடுத்தார்கள். பழையபடி அவள் உள்ளே உடை மாற்றும்போது நான் வெளியே. இந்த முறை வேறொரு மருத்துவர், வயதானவர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நுரையீரலில், முதுகெலும்பில் என்று பேனாவால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவர் தொட்ட ஒவ்வோர் இடமும் ஒரு விரல் ஆழத்தைத் தாண்டியது.

"இனிமே வெட்டறதுல பிரயோஜனம் இல்லை. மாத்திரை தர்றேன், வலிக்கும் எழுதறேன். வீட்டுல சந்தோஷமா வெச்சுக்கங்க."

"அறுவை வேணாமா?" என்று ஒரு முட்டாளைப் போலக் கேட்டேன்.

"வேணாம்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கதவு திறந்து அவள் வந்தாள். தலைத்துணியின் முடிச்சைச் சரிசெய்துகொண்டே கேட்டாள், "கடைசியில அந்தாள் 'அறுவை வேணாம்'னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. நிஜமாவா?"

நான் தலையாட்டினேன்.

"மாத்திரை மட்டும்தானா?"

"மாத்திரை மட்டும்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த நடைக்கூடத்திலேயே, நோயாளிகளும் நர்ஸுகளும் திரும்பிப் பார்க்க, நாக்கைச் சுழற்றிக் கல்யாண வீட்டில் போடுவது போல நீளமாக ஒரு குலவை போட்டாள். பாதியில் இருமல் வந்து அறுந்துபோனது. பெஞ்சில் இருந்த யாரோ ஒருத்தி, "மப்ரூக், மப்ரூக்" என்று வாழ்த்தினாள்.

மைக்ரோபஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டே வந்தாள். "பாத்தியா? நீ என்னைப் பைத்தியம்னு நினைச்சே. எத்தனை நாள் உக்காந்தேன் தெரியுமா? நீ பாத்தது ஒரு நாள்தான். நீ வேலைக்குப் போனதும் ஏறிடுவேன். சுருங்கியிருக்கு, அதான் வேணாம்னுட்டாங்க. உங்க டாக்டரம்மாகிட்ட சொல்லு, எழுதி வெச்சுக்கச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன்.

ஃபத்ஹி போனில் கேட்டுவிட்டு, "சொல்லலைல்ல?" என்றான். "சொல்லல" என்றேன். "நல்ல காரியம் பண்ணினே மச்சான்" என்றான்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பத்து மணிக்கு அவள் எழுந்து வளையல் இரண்டையும் டப்பாவிலிருந்து எடுத்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் விடாம உக்காந்தா தடமே இல்லாமப் போயிடும். ஏற முடியல, மூச்சு வாங்குது. என்னைப் பிடிச்சுக்கோ, நாற்காலியையும் தூக்கிட்டு வா."

ஒரு கையில் நாற்காலி, மறுகையில் அவள். ஒவ்வொரு படியிலும் நின்றாள். எடை ஒன்றும் இல்லை. புறாக் கூண்டுக்குப் பக்கத்தில், அவள் கைகாட்டிய இடத்தில், நாற்காலியைப் போட்டேன். உட்கார வைத்தேன். சுற்றிலும் போர்வையைத் தொங்கவிட்டேன். வளையலைச் சரியான இடத்தில் வைத்து அவள் கையை எடுத்து அதன் மேல் வைத்தேன். அந்தக் கை கொஞ்ச நேரத்தில் என் கைக்குள் அடங்கியது.

வெயில் அவள் முகத்தில் விழாதபடி குறுக்கே நின்றேன். அதை மட்டுமாவது செய்யலாம் என்று நினைத்தேன்.

"தள்ளி நில்லு, அபூ நாதியா" என்றாள், கண்ணை மூடியபடி. "வெளிச்சத்தை மறைக்கிற."

தள்ளி நின்றேன்.